பேரல் டிஸ்டார்ஷனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கரும்பலகை எழுதியது:

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பதாகை செய்கிறார்கள். ஃபிளெக்ஸ் கடைக்கு வெள்ளி மதியம் கோப்பு போயாக வேண்டும். தலைப்பு: 'தொடுவானம் ஏன் வளைந்து தெரிகிறது?'

ஒரு மாணவனின் மாமா பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ஆக்‌ஷன் கேமராவில் எடுத்த படம் இதற்கெல்லாம் காரணம். படத்தின் மேல்பாதியில் கடலும் வானமும் சேரும் கோடு நடுவில் நன்றாகப் புடைத்து நிற்கிறது. 'பூமி உருண்டைக்கு ஆதாரம்' என்று பையன் கொண்டுவந்து நீட்டினான். கீழ்ப்பாதியைப் பார் என்றேன். அங்கே ரயில் பாலம் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. நேரில் பார்த்தால் மட்டம் பிடித்தது போல இருக்கும் பாலம். "அப்ப பூமி மேலே உருண்டை, கீழே பள்ளமா டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். பதாகை அங்கே பிறந்தது.

விளக்கம் எழுதிவிட்டோம். பெயர்தான் இல்லை. விளிம்புப் பக்கம் கோடுகள் வெளியே புடைப்பது பேரல் டிஸ்டார்ஷன். உள்ளே ஒடுங்குவது பின்குஷன் டிஸ்டார்ஷன். 'உருச்சிதைவு' என்று எழுதிப் பார்த்தேன். படம் கிழிந்து போனது போலிருக்கிறது. பிள்ளைகள் வாயில் நுழையும் சொல்லாக ஒன்று தாருங்கள்.

கட்டற்றவன் எழுதியது:

டீச்சர், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஒளிப்படம் திருத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு நான் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிறு இரவு பதிப்பை மூடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சரத்தையும், அதாவது திரையில் வரும் சொல்லையும், தொட முடியாது. எனக்கு மூன்று சரம் பாக்கி: பேரல், பின்குஷன், மஸ்டாஷ்.

என் கைவசம் உள்ளவை: பீப்பாய்த் திரிபு, ஊசிமெத்தைத் திரிபு. மூன்றாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, சொல் குட்டையாக இருக்க வேண்டும். மெனுப் பட்டியில் இடம் கம்மி, நீளமானால் வாலை வெட்டிவிடும். போன பதிப்பில் 'ஒளிச்செறிவு மாறுபாட்டுத் திருத்தம்' என்று எழுதிக்கொடுத்தவர் இந்தக் குழுமத்தில்தான் இருக்கிறார். திரையில் 'ஒளிச்செறிவு மா' என்று வந்தது.

நன்னூலான் எழுதியது:

அன்புடையீர்,

பீப்பாய் தமிழன்று. போர்த்துக்கீசியர் இறக்கிவிட்டுப் போன 'பீப்பா' அது. கலைச்சொல் ஆக்கும்போதாவது சொந்த வீட்டுப் பாத்திரத்தில் சமைப்போமே. மிடா இருக்கிறது, சால் இருக்கிறது, தாழி இருக்கிறது.

டிஸ்டார்ஷன் என்பதற்குத் திரிபு என்று நண்பர் எழுதியிருப்பதில் தவறில்லை. ஆனால் இங்கே நடப்பது நேர்கோடு கோணலாவது மட்டுமே. அதற்கென்றே தமிழில் 'கோடுதல்' இருக்கிறது. 'ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்று துலாக்கோலை உவமையாக்கிச் சொன்னார் வள்ளுவர். 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' என்றதும் அவரே. அம்பையும் யாழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்றாரே, நேரான அம்பு கொடியது, வளைந்த யாழ் இனியது என்று! அந்த யாழின் வளைவுதான் கோடு.

இன்னும் உள்ளே போவோம். யானைத் தந்தம் கோடு. சங்கு கோடு. மரக்கிளை கோடு. மலைமுகடு கோடு. ஏரிக்கரையும் கோடு. இத்தனையிலும் நேரானது ஏதேனும் உண்டா? வளைந்ததற்கே கோடு என்று பெயர். அந்தச் சொல்லை எடுத்து நேர்கோட்டுக்குச் சூட்டி, பிறகு அது 'நேர்' என்று முன்னால் ஓர் அடைமொழியும் போட வேண்டி வந்தது. கொடு, கொடுக்கு, கூன், குடம், குடை எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டிப் பாவாணர் வழியில் ஒரு கட்டுரையே எழுதலாம். இப்போதைக்கு என் பரிந்துரை: கோட்டம்.

படக்காரன் எழுதியது:

ஐயா வணக்கம். கோட்டம்னு போட்டா என் ஸ்டுடியோ பையன் வள்ளுவர் கோட்டத்துக்கு பஸ் ஏறிடுவான். மின்வாரியத்துலயும் கோட்டம் இருக்கு.

நாங்க தொழில்ல பேரல்னுதான் சொல்றோம். 'மண்டபத்துல தூண் பேரல் அடிக்குது, கரெக்‌ஷன் போடு' அவ்வளவுதான். எல்லாருக்கும் புரியுது. புரியுற சொல்லை எடுத்துட்டுப் புரியாத சொல்லை வைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு சிரமம்?

இன்னொண்ணு. 16 எம்எம் லென்ஸ்ல குரூப் போட்டோ எடுத்தா ஓரத்துல நிக்குற பெரியம்மா ரெண்டு மடங்கு குண்டாத் தெரியுறாங்க. அதுவும் இந்த டிஸ்டார்ஷன்தானே? அதுக்கும் சேர்த்து ஒரே பேர் வைப்பீங்களா?

குவியம் எழுதியது:

படக்காரன் தம்பி கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். நாம் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதே இன்னும் தெளிவாகவில்லை.

பெரியம்மா குண்டாவது வேறு சங்கதி. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் அப்பழுக்கற்ற அகலக்கோண வில்லையிலும் (வைட் லென்ஸ்) அது நடக்கும். அந்த வகை வில்லையில் மையத்திலிருந்து ஒரு புள்ளி விழும் தூரம் = குவியத்தொலைவு × டேன் (கோணம்). கோணம் ஏற ஏற டேன் வேகமாக ஏறும். ஓரத்தில் நிற்பவர் இழுபடுவார். 90 பாகையில் டேன் எல்லையில்லாமல் போய்விடும். அதனால்தான் 180 பாகையை ஒரே படத்தில் அடக்கும் மீன்கண் வில்லை இந்த வாய்பாட்டையே கைவிட்டு, தூரம் = குவியத்தொலைவு × கோணம் என்பது போன்ற வேறொன்றை எடுத்துக்கொள்கிறது. அங்கே ஓரத்தில் இழுவை குறைகிறது, கோடு வளைகிறது. ஆக இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம். நீங்கள் 'கரெக்‌ஷன்' போட்டுத் தூணை நிமிர்த்தும்போது பெரியம்மா இன்னும் கொஞ்சம் பெருத்திருப்பார், கவனித்திருப்பீர்கள்.

டீச்சர் கேட்பது கோடு வளைவதை. ஜெர்மானியர் சைடல் 1857இல் வில்லையின் குறைகளை ஐந்தாகப் பிரித்தார். முதல் நான்கும் படத்தின் கூர்மையில் கைவைப்பவை. ஐந்தாவதான இது மட்டும் எதையும் மங்கலாக்காது. ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்றே இருக்கும், இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்து இருக்கும். அதனால் 'சிதைவு' கூடாது என்று டீச்சர் நினைத்தது மிகச் சரி.

'வளைவு' என்ற சொல்லையும் தொடாதீர்கள். அந்த ஐந்தில் நான்காவது குறை புல வளைவு. படம் கூர்மையாக விழும் பரப்பே குழிந்திருப்பது அது. இரண்டும் மாணவர் மண்டையில் கலந்துவிடும்.

'திரிபு' பற்றி: இயந்திரவியல் படித்தவரைக் கேளுங்கள். தகைவு, திரிபு என்று இரட்டையராகத்தான் படித்திருப்பார். கம்பியை இழுத்தால் அதன் நீளத்தில் வரும் மாற்ற விகிதம் திரிபு. அது ஒரு எண். வேண்டுமானால் முன்னால் 'உரு' சேர்த்து உருத்திரிபு என்று பிரித்துக் காட்டலாம்.

பிறகு, யாரும் இன்னும் எழுதவில்லை, எழுதிவிடுவீர்கள் என்ற பயத்தில் முன்கூட்டியே சொல்கிறேன்: அகலக்கோணத்தை 'விரிகோணம்' ஆக்காதீர்கள். பள்ளிக் கணக்கிலேயே விரிகோணம் என்றால் 90க்கு மேல், 180க்குக் கீழ்.

பருத்தித்துறையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே தகைப்பு, விகாரம் என்று படித்தனாங்கள். உங்கடை திரிபு எங்களுக்கு விகாரம். ஆகவே திரிபு இங்கே காலியாகத்தான் கிடக்குது, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது ஏற்கெனவே குடியிருக்கிறதென்றால், பாக்குநீரிணைக்கு இரண்டு பக்கமும் செல்லக்கூடிய சொல் எது என்று பார்க்க வேணும். ஒவ்வொரு முறையும் இந்தக் குழுமத்தில் ஒரு சொல்லை முடிவு செய்துபோட்டுக் கடைசியில்தான் 'இலங்கையில் எப்படி' என்று கேட்கிறீர்கள்.

நன்னூலான் ஐயாவுக்கு: விகாரம் என்று எழுதினால் உங்களுக்குத் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அதில் நடுவானது மட்டும் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். புள்ளி புதிதாகத் தோன்றவும் இல்லை, கெடவும் இல்லை.

நன்னூலான் எழுதியது:

பருத்தித்துறையார் நாவில் சர்க்கரை போட வேண்டும். திரிதல்தான். கோட்டத்தை மின்வாரியத்துக்கே விட்டுக்கொடுக்கிறேன். திரிபு இருக்கட்டும்.

ஆனால் பீப்பாய் கூடாது. நடுவில் பருத்து இருமுனையிலும் குறுகியது எது? முழவு. நடுவில் ஒடுங்கி இருமுனையிலும் விரிந்தது எது? துடி, இன்று உடுக்கை என்கிறோம். இரண்டும் தோற்கருவி, இரண்டும் தமிழ், ஒன்றுக்கொன்று நேர் எதிர். முழவுத்திரிபு, துடித்திரிபு. ஆங்கிலேயர் ஒன்றுக்கு மதுப்பீப்பாயையும் மற்றதற்குத் தையற்காரர் மேசையிலிருந்த ஊசிமெத்தையையும் எடுத்தார்கள். அவற்றுக்குள் ஒரு உறவும் இல்லை. நம்மிடம் இணையே இருக்கிறது. 'துடியிடை' என்று பாடாத புலவர் உண்டா? அது பின்குஷன் அன்றி வேறென்ன?

முழவின் புடைப்புக்குப் புறநானூறு 128ஐப் பாருங்கள்.

'மன்றப் பலவின் மாச்சினை மந்தி
இரவலர் நாற்றிய விசிகூடு முழவின்
பாடின் தெண்கண் கனிசெத் தடிப்பின்'

ஆய் அண்டிரனின் ஊரில் பாணர்கள் பலாமரத்தில் முழவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மந்தி அதைப் பலாப்பழம் என்று நினைத்துத் தட்டிப் பார்க்கிறது. குரங்கே ஏமாறும் அளவுக்குப் பழத்தின் புடைப்பு முழவுக்கு இருந்திருக்கிறது. இதைவிட ஒரு சான்று வேண்டுமா?

கட்டற்றவன் எழுதியது:

ஐயா, முழவு பார்த்த குரங்கு பிழைத்துக்கொள்ளும். முழவு பார்க்காத பயனர்? 'பறையா, மத்தளமா?' என்று எனக்கு வழுப்பதிவு (பிழை முறையீடு) வரும். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாமே கப்பலில் வந்தவைதான். அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டோமா?

நன்னூலான் எழுதியது:

சாவியைத் திறவுகோல் என்று சொல்பவன் நான். மேலும் பறை வேறு, மத்தளம் வேறு, முழவு வேறு. பறை தட்டை வட்டமாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் இருப்பது முழவின் குற்றமன்று.

கரும்பலகை எழுதியது:

இன்று வகுப்பில் சொற்களை ஓட்டிப் பார்த்தேன். பெயர் எதுவும் சொல்லாமல் கட்டம் போட்ட தாளை அந்த ஆக்‌ஷன் கேமராவில் எடுத்து, படத்தைச் சுவரில் போட்டு, 'இதுக்குப் பேர் வைங்க' என்றேன்.

உடனே வந்த பெயர் 'தொப்பை'. மேலே ஒரு தொப்பை, கீழே ஒரு தொப்பை, இரண்டு பக்கமும் தொப்பை. அதற்கு எதிர்மாறான படத்தைக் கணினியில் செய்து காட்டினேன். 'இடுப்பு' என்றார்கள். நன்னூலான் ஐயாவின் துடியிடை எங்கள் ஊரில் உயிரோடுதான் இருக்கிறது! ஆனால் துடி என்று எழுதிப்போட்டதும் 'இதயத்துடிப்பா டீச்சர்?' என்று கேட்டார்கள். உடுக்கை எல்லாருக்கும் தெரிந்தது. முழவு யாருக்கும் தெரியவில்லை. பீப்பாய் தெரிந்தது, தார் பீப்பாய் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தார் பீப்பாய்க்குப் பக்கம் நேராகத்தானே இருக்கும், புடைப்பு எங்கே என்று ஒருவன் மடக்கினான். அதுவும் நியாயம்தான். மரப்பீப்பாய் பார்க்காத பிள்ளைக்குப் பீப்பாயும் வெறும் சத்தம்தான்.

கட்டத்தாளில் அவர்களே கண்டுபிடித்த ஒன்று: நடுவே போகும் கோடு மட்டும் வளையவில்லை. நெடுக்கும் சரி, குறுக்கும் சரி. இதைப் பதாகையில் போட வேண்டும். குவியம் ஐயா, இரண்டு வரியில் காரணம் எழுதித் தருவீர்களா? அந்தப் பாம்பன் படத்தில் உண்மையான பூமி வளைவு எவ்வளவு இருக்கும் என்பதும் வேண்டும். பையன் இன்னும் விட்டபாடில்லை.

குவியம் எழுதியது:

இரண்டு வரி கேட்டால் எனக்கு எழுத வராது.

புள்ளிகள் எல்லாமே படத்தின் மையத்தை நோக்கி, ஆரத்தின் வழியாகவே நகர்கின்றன. மையம் வழியாகப் போகும் கோட்டில் உள்ள புள்ளி அந்தக் கோட்டின் மீதே நகரும். கோடு நேராகவே நிற்கும். மையத்துக்கு மேலே இருக்கும் கோட்டில் என்ன ஆகிறது? அதன் நடுப்பகுதி மையத்துக்குக் கிட்டே இருக்கிறது, கொஞ்சம்தான் உள்ளே வருகிறது. அதன் முனைகள் தொலைவில் இருக்கின்றன, அதிகம் உள்ளே இழுபடுகின்றன. முனைகள் இறங்க, நடு எழும்பித் தெரிகிறது. மையத்துக்குக் கீழே இதே கதை தலைகீழ். எனவே தொடுவானத்தைப் படச்சட்டத்தின் நட்டநடுவில் வைத்து எடுத்தால் ஆக்‌ஷன் கேமராவும் அதை நேராகக் காட்டும். உயரத்துக்கு விடும் பலூன்களில் கட்டிய கேமராவின் காணொலிகளில், பலூன் ஆட ஆடத் தொடுவானம் ஒரு நொடி குவிந்தும் மறுநொடி குழிந்தும் தெரியும். பூமி அப்படி மூச்சு விடுவதில்லை.

உண்மை வளைவு. 10 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறத்தாழ 11 கிலோமீட்டரில் இருக்கும். கண்மட்டத்துக்குக் கீழே பத்தில் ஒரு பாகை தாழ்ந்திருக்கும். 4000 பிக்சல் அகலமும் 90 பாகைப் பார்வையும் உள்ள, குறையே இல்லாத ஒரு கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்தால், அந்தக் கோட்டின் நடு அதன் முனைகளைவிட ஒன்றரை பிக்சல் உயர்ந்திருக்கும். ஒன்றரை! அதே 4000 பிக்சலில், 120 பாகை பார்க்கும் மீன்கண் வில்லையை 20 பாகை கீழே சாய்த்து எடுத்தால் வில்லையின் கைவேலை மட்டும் ஏறத்தாழ 260 பிக்சல் வரும். பையனிடம் இந்த இரண்டு எண்ணையும் கொடுங்கள்.

உயரத்துக்குப் போனால் கதை மாறும். 1935 நவம்பரில் எக்ஸ்புளோரர் 2 என்ற பலூனில் இரண்டு அமெரிக்கர்கள் 22 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஏறி எடுத்த படத்தில் பூமியின் வளைவு நிஜமாகவே பதிந்தது. வெறுங்கண்ணுக்குச் சுமார் 35,000 அடி உயரத்தில்தான் அது லேசாகத் தெரியத் தொடங்கும், அதுவும் மேகமில்லாத அகன்ற காட்சி கிடைத்தால் என்று லிஞ்ச் என்பவர் 2008இல் கணக்குப் போட்டு எழுதினார். விமான ஜன்னலில் செல்போனை ஒட்டி எடுத்துவிட்டு ஆதாரம் என்பவர்கள் முதலில் தொடுவானத்தைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவரட்டும்.

வில்லையில் இது ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். குவிக்கும் வில்லைக்கு முன்னால் ஒளித்துளையை (அப்பர்ச்சர்) வைத்தால் புடைப்பு, பின்னால் வைத்தால் ஒடுக்கம். துளைக்கு இருபுறமும் ஒரே மாதிரி வில்லைகளை வைத்தால் ஒன்றின் குறையை மற்றது விழுங்கிவிடும். 1866இல் இலண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே இதைச் செய்தார்கள். பிறகு வந்த எஸ்எல்ஆர் கேமராவில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் நடுவே ஆடி எழுந்து விழ இடம் வேண்டும். நிக்கானில் வில்லை பொருந்தும் விளிம்புக்கும் படச்சுருளுக்கும் 46.5 மில்லிமீட்டர். அங்கே 24 மில்லிமீட்டர் வில்லையை எப்படி வைப்பது? முன்னால் விரிக்கும் தொகுதி, பின்னால் குவிக்கும் தொகுதி என்று சமச்சீரை உடைத்தார்கள். புடைப்பு திரும்பி வந்துவிட்டது. இன்றைய செல்போன் வில்லையில் அதை மென்பொருளிடம் தள்ளிவிட்டார்கள். படம் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அது நிமிர்த்தப்பட்டிருக்கும்.

பெயருக்கு வருகிறேன். தொப்பை, முழவு, பீப்பாய் எல்லாம் கட்டத்தாளுக்குப் பொருந்தும். தொடுவானம் ஒற்றைக் கோடு. அதில் எந்தப் பாத்திரமும் தெரியாது. எனக்கு வேண்டியது காரணத்தைச் சொல்லும் பெயர். மையத்திலிருந்து விலக விலக உருப்பெருக்கம் குறைவது ஒன்று, கூடுவது மற்றொன்று. அவ்வளவுதான் விஷயம்.

நன்னூலான் எழுதியது:

குவியம் அவர்கள் அறியாமலே தொல்காப்பியத்தை எழுதிவிட்டார்!

'மெய்பிறி தாதல் மிகுதல் குன்றல் என்று
இவ்வென மொழிப திரியு மாறே.'

திரியும் வழி மூன்று. எழுத்து வேறொன்றாவது, மிகுவது, குன்றுவது. உருப்பெருக்கம் விளிம்பில் குன்றினால் குன்றுதிரிபு. மிகுந்தால் மிகுதிரிபு. முழவையும் துடியையும் நானே திரும்பப் பெறுகிறேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒலிக்குச் செய்த பகுப்பு ஒளிக்கும் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. குட்டையாகவும் இருக்கிறது. கட்டற்றவன் தம்பிக்கு வால் வெட்டுப்படாது.

குவியம் எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. என் வாக்கு இதற்கே.

கரும்பலகை எழுதியது:

அழகான சொற்கள், ஐயா. ஆனால் குன்றுதிரிபு என்று எழுதியதும் பிள்ளைகள் அதைக் 'குன்று மாதிரி தெரியுற திரிபு' என்று படித்துவிட்டார்கள். பாம்பன் படத்தின் மேல்பாதிக்கு அது பொருந்தியும் விட்டது! பிறகு கீழ்ப்பாதியைக் காட்டினால் 'குழித்திரிபு' என்கிறார்கள். ஒரே வில்லைக்கு இரண்டு பெயர் ஆகிவிட்டது. நான் உடைக்க நினைத்த தப்பான எண்ணமே சொல்லுக்குள் புகுந்துகொண்டது. மிகுதிரிபை 'ரொம்பத் திரிந்தது' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

படக்காரன் எழுதியது:

அப்ப கம்மித்திரிபுன்னு ஒண்ணு வரும், அதை நல்ல லென்ஸ்னு விப்பாங்க.

பருத்தித்துறையான் எழுதியது:

நடுவிலை ஒரு கேள்வி. மீன்கண் வில்லை என்று எழுதுகிறீர்களே, கயற்கண் என்று ஏன் எழுதக்கூடாது? மதுரையிலை அங்கயற்கண்ணி இருக்கிறாள் அல்லவா.

குவியம் எழுதியது:

கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கயற்கண் என்று பாடியவர்கள் கண்ணின் வடிவத்தையும் பிறழ்ச்சியையும் பாடினார்கள், வெளியிலிருந்து பார்த்து. 1906இல் இராபர்ட் வுட் இந்தப் பெயரை வைத்தது மீன் உள்ளேயிருந்து என்ன பார்க்கிறது என்பதற்காக. தண்ணீருக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே உள்ள முழு அரைக்கோளமும், கரை முதல் கரை வரை, ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் சுருண்டு தெரியும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஆடியாகிவிடும். மீனாட்சியம்மனுக்கு அப்படித் தெரிவதாகத் தலபுராணத்தில் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

நன்னூலான் எழுதியது:

'பிறழ்ச்சி' என்றதும் நினைவு வருகிறது. வில்லைக் குறைகளுக்குப் பொதுப்பெயராகப் பிறழ்ச்சி என்றே பாடநூலார் வைத்திருக்கிறார்கள், நிறப்பிறழ்ச்சி என்பது போல. கயல் பிறழ்வது, கண் பிறழ்வது, ஒளி பிறழ்வது. இதை யார் முதலில் எழுதினாரோ அவருக்கு இலக்கியம் தெரிந்திருக்கிறது. இது பற்றித் தனி இழை தொடங்க விரும்புகிறேன்.

மட்டுறுத்துநர்:

தனி இழையில் தாராளமாகத் தொடங்குங்கள், ஐயா. இதில் வேண்டாம். வியாழன் இரவு ஆகிவிட்டது. நிலுவையில் உள்ளவை: பீப்பாய் உருத்திரிபு, முழவுத்திரிபு (உரியவர் திரும்பப் பெற்றாலும் இருவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்), குன்றுதிரிபு, வெளிப்பிதுக்கம். கடைசியானதைத் தனிமடலில் அனுப்பியவர் பெயர் சொல்ல விரும்பவில்லை. காலை ஆறு வரை கை தூக்குங்கள்.

மட்டுறுத்துநர்:

பீப்பாய்க்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல். குன்றுதிரிபு அடுத்து. தூங்கிவிட்டவர்கள் காலையில் எழுந்து எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டாம்.

கரும்பலகை எழுதியது:

கோப்பு போய்விட்டது. பதாகையில் பீப்பாய் உருத்திரிபு என்று பெரிதாகவும், அடியில் கட்டத்தாள் படத்தோடு 'வெளிப்பக்கம் புடைப்பது' என்று சிறிதாகவும் போட்டிருக்கிறோம். பக்கத்திலேயே ஒரு மரப்பீப்பாய்ப் படமும் வைத்துவிட்டோம், அந்தப் பையன் மடக்காமலிருக்க. ஒன்றரை, 260 என்ற இரண்டு எண்களும் சிவப்பில் இருக்கின்றன. மாமா கேமராவில் கோடுகளை நிமிர்த்திக் காட்டும் லீனியர் என்று ஒரு முறை இருப்பதைப் பையனே கண்டுபிடித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குப் போய் இரண்டு முறையிலும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

கட்டற்றவன் எழுதியது:

நானும் ஏற்றிவிட்டேன். பட்டியில் இடமில்லாததால் 'உரு' போய், பீப்பாய்த் திரிபு, ஊசிமெத்தைத் திரிபு என்றே இருக்கும். குவியம் ஐயா மன்னிக்கவும், இயந்திரவியல் ஆட்கள் இந்த மென்பொருளைத் திறந்தால் பார்த்துக்கொள்வோம். சுட்டியை மேலே வைத்தால் வரும் உதவிக்குறிப்பில் 'விளிம்பில் உருப்பெருக்கம் குன்றுதல்' என்று எழுதியிருக்கிறேன், நன்னூலான் ஐயாவுக்காக.

மூன்றாவது சரம் மஸ்டாஷ். நடுவில் பீப்பாயாகத் தொடங்கி ஓரத்தில் ஊசிமெத்தையாக முடிவது. தொடுவானம் நெளிந்து தெரியும். மீசைத் திரிபு என்று போட்டுவிடுகிறேன். இதிலாவது சண்டை வராது என்று நம்புகிறேன்.

படக்காரன் எழுதியது:

மீசை சூப்பர்.

நன்னூலான் எழுதியது:

உதவிக்குறிப்புக்கு நன்றி. ஆனால் குறிப்பில் இருக்கத் தகுந்த சொல் தலைப்பில் இருக்கத் தகாதது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பீப்பாய்க்கு என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும்.

மீசைக்கு வருவோம். எந்த மீசை? முனை மேலே ஏறிய முறுக்கு மீசையா, கீழே வழிந்த தொங்கு மீசையா? குவியம் அவர்கள் சொன்ன கணக்குப்படி மையத்துக்கு மேலே ஒன்றாகவும் கீழே மற்றொன்றாகவும் அல்லவா வரும்?

குவியம் எழுதியது:

ஆமாம், வரும்.

கட்டற்றவன் எழுதியது:

ஞாயிறு இரவு பத்து மணி. மீசை போய்விட்டது.